இரண்டாம் கையெழுத்து

(திண்டிவனத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில், ‘அதிகாரப் பரவலும் சேரியும்’ என்ற பொருளில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை எழுதுறவன்னு சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. ஆனா இன்னிக்கு நான் கவிஞனாப் பேச வரல, வங்கி குமாஸ்தாவாப் பேசறேன். அதிகாரம் என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததுதான் அதிகம்.

வேலையில் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். 2015 என்று நினைவு. இந்தப் பக்கத்தில் ஒரு கிளை. ஒருநாள் மத்தியானம் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து காசோலையை நீட்டினாங்க. ஊராட்சிக் கணக்கு. அவங்கதான் தலைவர். தனித்தொகுதி, பெண்கள் ஒதுக்கீடு. காலனி மோட்டார் ரிப்பேர் ஆகி, ஆளை வைத்து சரிசெய்துவிட்டார்கள். மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய பணம்.

காசோலையில் ஒரு கையெழுத்துதான் இருந்தது. 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி நிதிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நான் சொன்னேன்: “இன்னொரு கையெழுத்து வேணுங்கம்மா.” அவங்க கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. பிறகு, “தம்பி எந்த ஊரு?” என்று கேட்டாங்க. ஊரைச் சொன்னேன். “ஊரா, காலனியா?” காலனின்னு சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கிட்டு சொன்னாங்க:

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு நெனச்சித்தான் தம்பி என்னை நிக்க வச்சாங்க. எம் பொண்ணுகிட்ட எழுதிப் பாத்துக் கத்துக்கிட்டேன். இப்ப அவங்க கையெழுத்துக்கு அவங்க வூட்டு வாசல்ல நிக்கறேன்.”

அந்தக் காசோலையை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி அது சரி. இன்னிக்கும் அப்படி ஒரு காசோலை வந்தா நான் திருப்பித்தான் கொடுக்கணும். ஆனா அந்தக் காகிதத்தை நீட்டின என் கையை நான் இன்னும் மறக்கல. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர்தான். பெரும்பாலான ஊர்களில் அது யாராக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சட்டம் நாற்காலியைக் கொடுத்துவிட்டது. அந்த நாற்காலிக்குரிய பேனாவில் பாதி ஊரிடமே இருந்துவிட்டது.

அதனால் நான் கேட்க விரும்புவது ஒரே ஒரு கேள்விதான். அதிகாரம் தில்லியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து கிராமத்துக்கு இறங்கி வரணும்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, வரட்டும். இறங்கி வந்து கிராமத்தில் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருது?

கிராமக் குடியரசு என்றொரு கதை இருக்கு. இந்தியக் கிராமங்கள் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று 1830இல் எழுதியவர் சார்லஸ் மெட்கால்ஃப் என்ற வெள்ளைக்கார அதிகாரி. பிறகு தேசியவாதிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். நம்ம பக்கத்தில் அதற்குச் சாட்சியாகக் காட்டுவது உத்திரமேரூர்க் கல்வெட்டு. இங்கிருந்து ரொம்ப தூரம் இல்ல, அச்சிறுபாக்கம், மதுராந்தகம் தாண்டினா உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அந்தக் கல்வெட்டைத்தான் பெருமையாகச் சொன்னார்.

அந்தக் கல்வெட்டு என்ன சொல்லுது? குடவோலைக்குப் பேர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். வயசு 35க்கு மேல், 70க்குக் கீழ். வேதம் தெரிந்திருக்கணும். அது பிரம்மதேய ஊரின் சபை. உழுதவன், செத்த மாட்டைத் தூக்கியவன், பறையடித்துச் சேதி சொன்னவன், எவன் பேரும் அந்தக் குடத்துக்குள் விழ வழியே கிடையாது. ஜனநாயகத்தின் தாய் என்று கொண்டாடுகிறார்கள். அந்தத் தாய்க்கு நம்ம பாட்டன் பிள்ளையில்லை.

இன்னொரு ஆவணத்தைச் சொல்றேன். 1816இல் சென்னை மாகாணத்தில் கும்பினி ஆட்சி சில ஒழுங்குமுறைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. தாமஸ் மன்றோ தலைமையிலான குழுவின் யோசனைகளிலிருந்து வந்தவை. கிராமத்தின் பழைய அமைப்புகளுக்கே அதிகாரத்தைத் திருப்பித் தருவது அவற்றின் நோக்கம், அதாவது அந்தக் காலத்து அதிகாரப் பரவல். அதில் 11ஆம் ஒழுங்குமுறை, சில்லறைக் குற்றங்களுக்கு ஊர்த் தலைவரே தண்டனை தரலாம் என்றது. சாதாரணமா, சாவடியில் 12 மணி நேரம் வரை உட்கார வைக்கலாம். ஆனா குற்றம் செய்தவர் ‘கீழ்ச்சாதி’ என்றால், அப்படிப்பட்ட இழிவான தண்டனை அவருக்குத் தகாதது இல்லை என்பதால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். தொழுமரம் தெரியுமில்ல, காலை ஓட்டையில் நுழைத்துப் பூட்டுகிற கட்டை. அதுவரை வழக்கமாக இருந்த சாதியை வெள்ளைக்காரன் சட்டப் புத்தகத்தில் ஏற்றினான். நாட்டாமை கையில் சர்க்கார் முத்திரை வந்தது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல தோழர்களே. இதே சாம்ராஜ்யம் இதே வேலையை ஆப்பிரிக்காவிலும் செய்தது. அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஃபிரடெரிக் லுகார்டு. எங்கே பிறந்தவர் தெரியுமா? 1858இல், சென்னையில். 1900இலிருந்து வடக்கு நைஜீரியாவை ஆண்டபோது ‘மறைமுக ஆட்சி’ என்பதை நிலைநாட்டினார். மக்களை நேரடியாக ஆளாதே, அவர்களுடைய தலைவர்கள் மூலமாக, அவர்களுடைய வழக்கத்தின் பெயரால் ஆள். வரியைத் தலைவன் வசூலிப்பான், நியாயத்தைத் தலைவன் சொல்வான், துப்பாக்கி மட்டும் நம்மிடம் இருக்கும்.

நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்களிடம் பெரும்பாலும் ராஜாவோ குலத்தலைவனோ கிடையாது. ஊர் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், பெண்களுக்கும் தனிக் கூட்டங்கள் இருந்தன. தலைவன் இல்லையா, அப்ப உண்டாக்கு என்றது ஆட்சி. ஆளைப் பிடித்து, கையில் ஒரு உத்தரவுச் சீட்டைக் கொடுத்து, நீதான் தலைவன் என்றார்கள். ‘வாரண்டுத் தலைவர்கள்’ என்று அவர்களுக்குப் பேர். 1929 கடைசியில் ஓலோக்கோ என்ற ஊரில் ஆளையும் ஆட்டையும் கணக்கெடுக்க வந்தவனிடம் ஒரு பெண் சண்டை பிடித்தாள். வரி பெண்கள் தலையிலும் விழப்போகிறது என்று சேதி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுந்து வாரண்டுத் தலைவர்களின் வீட்டை முற்றுகையிட்டார்கள், அவர்கள் நீதி சொன்ன கட்டடங்களைக் கொளுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஏற்பாட்டையே அரசு மாற்ற வேண்டி வந்தது.

சரி, வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தைய கிராமம் சொர்க்கமா? அதுவும் இல்ல. அதே இக்போ சமூகத்தில் ‘ஓசு’ என்று ஒரு பிரிவு உண்டு. சாமிக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வம்சம். ஒதுங்கி வாழணும், மற்றவர்கள் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். 1956இல் கிழக்கு நைஜீரியச் சட்டசபை சட்டம் போட்டு ஓசு முறையை ஒழித்தது. கல்யாணப் பேச்சு வந்தால் அது இன்னும் ஒழியவில்லை. சினுவா அச்செபி தன் நாவல்களில் இதை எழுதியிருக்கிறார். ஊர் கூடி முடிவெடுக்கும் ஜனநாயகம் இருந்தது, ஆனா அந்த ஊருக்குள் ஓசு இல்லை. நம்ம ஊரும் சேரியும் மாதிரியே.

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் கொடூரமானது. 1951இல் பாண்டு அதிகாரங்கள் சட்டம். ஒவ்வொரு இனக்குழுவுக்கும் அதன் தலைவர், அதன் பகுதி, அதன் சுயாட்சி என்று அழகான பேச்சு. கடைசியில் பத்து ‘தாயகங்கள்’. கறுப்பு மக்களுக்கென்று 1913, 1936 நிலச் சட்டங்கள் விட்டுவைத்தது மொத்த நிலத்தில் சுமார் 13 சதவீதம். உன் ஊரில் உனக்கு முழுச் சுதந்திரம், ஆனா நாடு உன்னுடையது இல்லை என்பதுதான் அந்தச் சுயாட்சி. மஹ்மூத் மம்தானி 1996இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட ஆட்சிக்கு ‘பரவலாக்கப்பட்ட சர்வாதிகாரம்’ என்று பேர் வைத்தார். நகரத்தில் குடிமகன், கிராமத்தில் வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட குடிபடை. படிக்கும்போது எனக்கு நம்ம காலனியும் சாவடியும்தான் கண்ணில் வந்தது.

மம்தானிக்கு முன்பே நமக்கு இதைச் சொன்னவர் அம்பேத்கர். 1932இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதாவை எதிர்த்துப் பேசினார். சாதியால் பிளந்து கிடக்கும் ஊரிடம் நீதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் தீண்டப்படாதவர் கதி என்ன என்று கேட்டார். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அறியாமையின், குறுகிய மனத்தின், வகுப்புவாதத்தின் இடம் என்றே சொன்னார். வரைவு அரசியல் சட்டம் கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். சபையில் எத்தனை பேருக்குக் கோபம்! அதே மாதத்தில் கே. சந்தானம் திருத்தம் கொண்டுவர, பஞ்சாயத்து 40ஆம் உறுப்பாக உள்ளே வந்தது.

இப்ப நம்ம வட்டாரத்துக்கு வருவோம்.

பழைய தென்னாற்காட்டில் கிராமத்தில் சர்க்கார் என்றால் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும்தான். 1895ஆம் வருஷத்துச் சட்டப்படி அது பரம்பரை உரிமை. அப்பன் செத்தா மகன். சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் வந்து, பிறப்பை வைத்து பதவி தருவது செல்லாது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்தக் குடும்பங்களே பெரும்பாலும் நீடித்தன. 1980 நவம்பர் 14இல் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் அந்தப் பதவிகளை ஒழித்தது. அதற்குப் பிறகுதான் பரீட்சை எழுதி, ஒதுக்கீட்டில் சேரிப் பிள்ளைகள் கிராம நிர்வாக அலுவலர் ஆனார்கள். மணியக்காரர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவரின் பேரன் பட்டாவில் கையெழுத்துப் போட்டான். ஆப்பிரிக்கத் தலைவர் முறையோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம் இல்ல. இதை நாம் போதுமான அளவு எழுதவில்லை.

1993 செப்டம்பர் 30இல் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. வெறும் விழுப்புரம் இல்ல, ‘விழுப்புரம் ராமசாமி படையாச்சியார் மாவட்டம்’. ஒரு வட்டாரத்தைத் தனியாகப் பிரிக்கும்போது அங்கே எண்ணிக்கை பலமுள்ள சாதியின் தலைவர் பேர் சேர்ந்து வந்தது. அப்போது யாரும் பஸ்ஸை மறிக்கவில்லை. 1997இல் தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்ததும் கலவரம் வெடித்தது. அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். உடனே மாவட்டங்கள், கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துவிட்டார்கள். ஒரு தலித் வீரனின் பேரைத் தாங்க முடியாமல் எல்லார் பேரும் போயிற்று. நம்ம மாவட்டம் வெறும் விழுப்புரம் ஆன கதை இதுதான்.

73ஆம் திருத்தம், 1994 சட்டம், 1996 தேர்தல். அடுத்து நடந்ததும் உங்களுக்குத் தெரியும். 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும், மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்த் திரும்பிய பஸ்ஸை மறித்து, பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம், 2006 அக்டோபர் வரை, தலித் தலைவர் வரவே விடவில்லை. அது தெற்கு, இது வடக்கு என்று நாம் தள்ளி நிற்க முடியாது. பழைய தென்னாற்காட்டிலேயே, புவனகிரி பக்கம் தெற்குதிட்டையில், தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. ஆம்பூர் பக்கம் நாயக்கனேரியில் 2021இல் போட்டியில்லாமல் தேர்வான தலித் பெண்ணால் பதவியேற்கவே முடியவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சில தோழர்கள் சொல்வார்கள்: பஞ்சாயத்தே வேண்டாம். அதிகாரம் மேலேயே இருக்கட்டும். கலெக்டர் பரவாயில்ல, நாட்டாமைதான் ஆபத்து. கிராமத்தை விட்டு டவுனுக்குப் போவோம். அம்பேத்கரும் நகரத்துக்குப் போகத்தானே சொன்னார்?

எனக்கும் ரொம்ப நாள் இந்த எண்ணம் இருந்தது. ஆனா 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டது ஏதோ குக்கிராமத்தில் இல்ல. ரயில் ஜங்ஷனும் கடைத்தெருவும் உள்ள விழுப்புரம் டவுனில். டவுன் நம்மைத் தானாகக் காப்பாற்றாது.

இன்னொன்றையும் பாருங்கள். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2019 நவம்பரில் விழுப்புரத்தைப் பிரித்து கள்ளக்குறிச்சி மாவட்டம் உண்டாக்கினார்கள். அடுத்த மாதம் மற்ற 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிந்தவை என்று நம்ம மாவட்டம் உட்பட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. நமக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். முழுசா அஞ்சு வருஷம் இங்கே தேர்ந்தெடுத்த ஊராட்சி கிடையாது, தனி அலுவலர்கள்தான். மாவட்டத்தைச் சின்னதாக்கினால் நிர்வாகம் மக்களுக்குப் பக்கத்தில் வரும் என்றார்கள். அதே பிரிவினை நம்ம ஓட்டை இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டது.

அந்த அஞ்சாவது வருஷம், 2021 மே மாதம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தலில் என்ன நடந்தது? ஊரடங்குக் காலத்தில் காலனியில் கோயில் திருவிழா நடத்திய பிரச்சினை. தலித் பெரியவர்கள் மூன்று பேரை ஊர்ப் பஞ்சாயத்தின் முன் காலில் விழ வைத்தார்கள். அந்தக் காட்சி கைப்பேசி கைப்பேசியாக ஓடியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டத்தின் பஞ்சாயத்து அஞ்சு வருஷமாகக் கூடாத இடத்தில் சாதியின் பஞ்சாயத்து ஒரு நாளும் கலையவில்லை. அதற்குத் தேர்தல் வேண்டாம், பதவிக்காலம் கிடையாது, தணிக்கை கிடையாது.

அதனால்தான் பஞ்சாயத்தே வேண்டாம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. நாம் விட்டுவிட்டு வந்தால் அந்த இடம் காலியாக இருக்காது. 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து அவை மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனபோதும் நான் இதையேதான் நினைத்தேன்.

அப்ப என்ன செய்வது? கண்டம் கடந்து மறுபடி ஒரு உதாரணம். போட்ஸ்வானா. அங்கே தலைவர்கள் உண்டு, ‘க்கோட்லா’ என்ற ஊர்மன்றம் உண்டு. இன்னிக்கும் மதிப்பு உண்டு. பழைய மன்றத்தில் பெண்களுக்கும் அடிமைப்பட்டுக் கிடந்த சான் மக்களுக்கும் வாய் கிடையாது. சுதந்திரம் வந்தது 1966இல். 1968லேயே ஒரு நிலச் சட்டம் போட்டு, நிலத்தைப் பங்கிடும் அதிகாரத்தைத் தலைவர்களிடமிருந்து எடுத்து நில வாரியங்களிடம் கொடுத்தார்கள். தலைப்பாகை இருக்கட்டும், நிலம் உன் கையில் வேண்டாம் என்றார்கள். அந்த வாரியங்களிலும் சான் மக்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா எதைப் பிடுங்கினால் தலைவன் சாதாரண மனிதன் ஆவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கும் தெரியும். 1892இல் பஞ்சமர்க்கென்று நிலம் ஒதுக்க அரசாணை வந்தது, செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்று கேட்கப் போய்த்தான் 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலம் இல்லாதவனுக்குத் தலைவர் பதவி கொடுத்தால், காலையில் அவன் தலைவர், மத்தியானம் அதே ஊர்க்காரன் கழனியில் கூலி. அவன் எப்படித் தீர்மானம் போடுவான்?

அதனால் மாணவ நண்பர்களிடம் சில வேலைகளைக் கேட்கிறேன். முதலாவது, துணைத்தலைவர் பதவிக்கும் கூட்டுக் கையெழுத்துக்கும் சட்டத் திருத்தம் கேட்போம். தலித் தலைவர் உள்ள ஊராட்சியில் பணத்தை முடக்கும் அதிகாரம் இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது. காரணமில்லாமல் கையெழுத்தை நிறுத்தினால் அதை வன்கொடுமையாகப் பார்க்கச் சொல்வோம். இரண்டாவது, கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு 2022இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1. வருஷத்தில் ஆறு நாள். அதில் பாதியாவது காலனியில் நடக்கட்டும். ஊர்க்காரர்கள் தெருவுக்குள் வந்து நம்ம பாயில் உட்காரட்டும். மூன்றாவது, கணக்கு. வரவு செலவு நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எவ்வளவு பணம் ஊர்த்தெருவுக்குப் போனது, எவ்வளவு சேரிக்கு வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். பி.காம். படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் இங்கே இருக்கீங்க! இந்தப் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புங்க, வேண்டாங்கல. கூடவே ஒரு ஊராட்சியின் கணக்கையும் அனுப்புங்க.

கடைசியா, மாநிலத்தைப் பிரிப்பது, மாவட்டத்தைப் பிரிப்பது பற்றி யார் பேசினாலும் அம்பேத்கர் 1955இல் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதியதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அலகுகளை அவர் ஆதரித்தார். ஆனா எந்த எல்லைக்குள்ளும் ஒரு பெரிய சாதி உட்கார்ந்திருக்கும், சின்னச் சாதிகளுக்கு அங்கே என்ன பாதுகாப்பு என்று கேட்டார். வட தமிழகம் தனி மாநிலம் என்ற கோரிக்கையிலும் நம்ம கேள்வி அதுதான். கோடு எங்கே போட்டாலும் சேரி எந்தப் பக்கம் இருக்கு?

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தாங்க. ரெண்டாவது கையெழுத்து இருந்தது. எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டேன். “ஊர்த்தெரு மோட்டாருக்குப் புதுசா வாங்கற பில்லுல நான் மொதல்ல போட்டேன். அப்புறம்தான் இது.” பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாங்க. போகும்போது திரும்பி, “அடுத்த வாட்டி எங்க வார்டு ஆளுங்களையே அஞ்சு பேரை நிக்க வைக்கணும் தம்பி. அப்பதான் துணைத்தலைவர் நம்ம கையில” என்றாங்க.

அவங்க அம்பேத்கரைப் படிச்சவங்க இல்ல, மம்தானியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. நான் இங்கே இவ்வளவு நேரம் பேசினதை அவங்க ரெண்டு வரியில் சொல்லிட்டுப் போனாங்க. ஓட்டை எண்ணத் தொடங்கிட்டாங்க. நாமும் எண்ணுவோம்.

கேள்விகள் கேளுங்க.